இரவில் சால்னா சாப்பிட்டால் விடியும்வரை வயிறு காந்துகிறது, வழி சொல்லுங்கள்

பேட்டை மருமகன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பெண் எடுத்தது திருநெல்வேலி பேட்டையில். ஒன்றரை வருடமாக வேலையும் இங்கேதான். டூவீலர் உதிரி பாகங்களுக்குக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கிறேன். திங்கள் வள்ளியூர், செவ்வாய் சங்கரன்கோவில், புதன் தென்காசி, செங்கோட்டை என்று வாரம் முழுக்க பைக்கில் ஓட்டம்.

மதியச் சாப்பாடு 3.30 மணிக்கு முன்னால் கிடைப்பது அபூர்வம். இரவு திரும்பும் வழியில் 10.30 மணிக்கு ஏதாவது ஒரு பரோட்டாக் கடையில் உட்காருவேன். 4 பரோட்டா, கொதிக்கக் கொதிக்கச் சால்னா, கூடவே மிளகுக் கோழியோ ஆம்லேட்டோ. வீட்டுக்கு வந்து படுத்தால் 12 மணிவாக்கில் நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்த ஆரம்பிக்கும். 1 மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களிக்கும். எழுந்து உட்கார்ந்தால் தணியும், படுத்தால் திரும்பவும் வரும். காலையில் கக்கூஸ் போகும்போது அங்கேயும் எரிச்சல். நாலு மாதமாக இதுதான் நிலைமை.

ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒரு சொம்பு குடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பால் குடித்தால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து முன்னைவிட அதிகமாக எரிகிறது. சோடா குடித்ததில் வயிறு உப்பியதுதான் மிச்சம். ஜெலுசில் கேட்கிறது, ஆனால் வாரம் ஒரு பாட்டில் காலியாகிறது.

வீட்டுச் சாப்பாடும் காரம்தான். மாமியார் இட்லிக்கு வைக்கிற புளிமிளகாய் என்றால் எனக்கு உயிர். மாமனார், "மாப்பிள்ளைக்கு நம்ம ஊர் உறைப்பு இன்னும் பழகலை" என்கிறார். மனைவி பயந்துபோய் ஒரு வாரமாகத் தயிர்சாதம் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. எரியும்போது உடனே என்ன செய்வது, வராமல் இருக்க என்ன வழி, காரத்தை அறவே விட்டுவிட வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


அம்பாசமுத்திரம் அக்கா:

தம்பி, வாய் எரிச்சல் வேறு, வயிற்று எரிச்சல் வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வாய் எரிகிறது என்றால் தண்ணீர் உதவாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவத்தான் செய்யும். பாலோ தயிரோ ஒரு வாய் வைத்து மெதுவாக விழுங்குங்கள். பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் காரத்தைப் பிடித்துக்கொண்டு போகும். வெறும் சோறு ஒரு கவளம் மெல்லுவதும் நல்லது.

நடு ராத்திரி வயிறு காந்தும்போது பாலை நம்பாதீர்கள். உங்களுக்கே அது தெரிந்துவிட்டது. முதலில் தணிக்கும், அப்புறம் அதைச் செரிக்க வயிறு இன்னும் அமிலத்தைச் சுரக்கும். எழுந்து உட்காருங்கள். கைலி இடுப்பில் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இப்படி வரும்போது அம்மா வடித்த கஞ்சியில் கல் உப்புப் போட்டு அரை டம்ளர் கொடுப்பாள். புளித்த மோர் மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம், எதுக்களிப்பு கூடும். புதினா மிட்டாயும் அப்படித்தான். வாய்க்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாசலைத் தளர்த்திவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் மிளகுதக்காளிக் கீரையை (மணத்தக்காளி) தேங்காய்ப்பால் விட்டுத் தண்ணிச்சாறாக வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். காரம் தின்று நொந்த வாய்க்கும் வயிற்றுக்கும் அவ்வளவு இதம்.


தவசுப்பிள்ளை மகன்:

தம்பி, என் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைத்த தவசுப்பிள்ளை. நாற்பது வருடம் கரண்டி பிடித்தார். நான் 18 வயதில் அவர் பின்னால் போக ஆரம்பித்தேன், இப்போது எனக்கு 57. தச்சநல்லூரில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய அந்த 1 மணி விழிப்பு எனக்கு மூன்று வருடம் இருந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணச் சமையலில் காலை 3 மணிக்கு அடுப்புப் பற்றவைப்போம். வெறும் வயிற்றில் குழம்பு ருசி பார்ப்பது, கறி ருசி பார்ப்பது, நடுநடுவே கடுந்தேநீர். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் எங்களுக்கு இலை. அது மாலை 4 மணிகூட ஆகும். பசி அடங்கிப்போய் வற்றல் குழம்பைக் கொஞ்சம் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் ஏற்றிய வண்டியிலேயே படுத்துவிடுவோம். எனக்கு எரிச்சல் வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான், மிளகாயைக் குறை. குறைத்தேன். ஆறு மாதம் காரமே இல்லாமல் சாப்பிட்டேன். எரிச்சல் போகவில்லை. நானாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மூன்று வருடம் தள்ளினேன். அந்த மூன்று வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு வாரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம் அது.

கடைசியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். சதை எடுத்துச் சோதித்ததில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். அல்சருக்கு மிளகாயும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982-இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு 14 நாள் மாத்திரை. முடித்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடியும் சோதித்துக் கிருமி போய்விட்டது என்று உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகு நான் காரம் சாப்பிடாத நாள் கிடையாது.

அதனால் மிளகாய்க்கு ஒன்றும் பங்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள். புண் இருந்தால் அதன் மேல் காரம் பட்டு எரியத்தான் செய்யும். புண் இல்லாமலும் எரியும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நம் நரம்பில் சூட்டை உணர்கிற இடத்தைப் போய்த் தட்டுகிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் எந்த இடம் விழித்துக்கொள்ளுமோ அதே இடம். 1997-இல் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு இதைக் கண்டுபிடித்தது, அதற்காக அவருக்கும் 2021-இல் நோபல் கிடைத்தது. உண்மையில் வயிறு வெந்துபோவதில்லை, வெந்துபோவதாக மூளைக்குச் செய்தி போகிறது. இந்த நரம்பு வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் இருப்பதால்தான் உங்களுக்குக் காலையிலும் எரிகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பா சொன்ன ஒன்று எனக்கு விளங்கியது. "கொதிக்கிற குழம்புல உறைப்பு பார்க்காதலே, கையில ஊத்தி ஆறவிட்டு நக்கிப் பாரு" என்பார். சூடும் காரமும் ஒரே இடத்தைத் தட்டுவதால், கொதிக்கும் சால்னா இரட்டிப்பாகக் காந்தும். அடுப்பிலிருந்து எடுத்த சால்னாவை ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, காரம் எண்ணெயில் கரையும். சால்னா வாளியில் மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெயில் நிறையக் காரம் இருக்கிறது. "அண்ணாச்சி, எண்ணெயை ஒதுக்கிட்டு அடியில இருந்து ஊத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் ஊர்ச் சமையலில் இதற்கெல்லாம் ஈடு கட்டியே வைத்திருக்கிறார்கள். மறுவீட்டு விருந்துக்கு நாங்கள் வைக்கிற மாப்பிள்ளைச் சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். உறைப்புக்குப் பச்சை மிளகாய் மட்டும்தான், மிளகாய்த்தூள் கிடையாது. அந்த உறைப்பைத் தேங்காயின் முதல் பாலும் இரண்டாம் பாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் தேங்காய்ப்பால் வயிற்றுக்குக் கனம், அதற்குத்தான் இஞ்சித் துவையல். சொதி வைத்த வீட்டில் துவையல் அரைபடாமல் அப்பா இலை போட விட்டதே இல்லை. உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல், காரக்குழம்புக்குப் பிறகு ரசம், கடைசியில் மோர். அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. நீங்கள் அதில் காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, படுக்கைக்குப் போகிற நேரத்தில் சாப்பிடுகிறீர்கள்.

நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது நேரம்தான். பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும். கொழுப்பு அதிகமானால் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். 10.30-க்குச் சாப்பிட்டு 11.30-க்குப் படுத்தால் வயிறு நிரம்பியபடியே கிடக்கிறது, அமிலம் மேலே ஏறுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும். சங்கரன்கோவிலில் இருக்கும்போதே 7.30-க்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், வீடு வந்து சேருவதற்குள் பாதி செரித்துவிடும். மதியம் 3.30 வரை வெறும் வயிறாக இருக்காதீர்கள். பையில் இரண்டு நாட்டுவாழைப்பழம், டப்பாவில் நாலு இட்லி இருக்கட்டும். சீசனில் வள்ளியூர் ரோட்டில் பதநீர் விற்பார்கள், டீக்குப் பதிலாக அதைக் குடியுங்கள்.

தலையணையை அடுக்கிப் படுக்காதீர்கள். வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். இடது பக்கமாகச் சரிந்து படுங்கள். இரைப்பை இடப்பக்கம் தொங்குவதால் அமிலம் அடியிலேயே நிற்கும். எனக்கு முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது.

வீட்டில் புளிமிளகாயை விட வேண்டாம். மிளகாயைக் கீறி உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை வழித்து எடுத்துவிடச் சொல்லுங்கள். காரம் சுரப்பது அதில்தான். விதையைக் காரம் என்று நினைக்கிறோம், அது அந்தத் தண்டை ஒட்டி இருப்பதால் ஏறிய காரம். குழம்பில் உறைப்பு தூக்கலாகிவிட்டால் தண்ணீர் விடக்கூடாது. தேங்காய் அரைத்து ஊற்றணும், சுண்டைக்காய் அளவு கருப்பட்டி போடணும்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நாள் முழுக்க பைக்கில் ஓடுகிறீர்கள். முதுகுவலிக்கு மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?


குற்றாலக் காற்று:

இதெல்லாம் பெரிசு பண்ண வேண்டாம் சார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்தைக் கூட்டினால் உடம்பு பழகிவிடும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம்.


பேட்டை மருமகன்:

அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? போடுகிறேன். இடுப்புவலி தாங்காமல் இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன், டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் டீ குடித்துவிட்டு ஒன்று, சில நாள் இரவும் ஒன்று. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்றோ, இத்தனை நாளுக்கு மேல் போடக்கூடாது என்றோ யாரும் சொல்லவில்லை. எரிச்சல் அதற்கு முன்பே இருந்தது, ஆனால் தினசரி ஆனது அதற்குப் பிறகுதான். இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.


பாளை செவிலி:

தம்பி, அந்த மாத்திரையை நாளைக் காலையில் போடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை வலியைக் குறைக்கும்போதே, இரைப்பையின் உள்சுவரைக் காக்கிற வழவழப்புப் படலத்தையும் குறைத்துவிடும். பாதுகாப்பு இல்லாத இடத்தில் சொந்த அமிலமே அரிக்கும். மிளகாயைவிடப் பல மடங்கு தீங்கு இது. (இதயத்துக்காக டாக்டர் ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எதுவும் செய்யணும்.)

நாலு மாதம் என்பது வீட்டு வைத்தியத்துக்கான காலம் இல்லை. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை தந்தால், காலை ஆகாரத்துக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.

எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்), வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தால், சாப்பாடு தொண்டையில் நின்றால், காரணமில்லாமல் எடை குறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நெஞ்சை அமுக்குகிற மாதிரி வலி, வியர்வை, இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் அதை வாயு என்று நினைத்துச் சோடா வாங்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க ஓமவாட்டர் குடித்துவிட்டு, விடிந்த பிறகு மாரடைப்போடு வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு ஆட்கள் "வாயுன்னுதான் நினைச்சோம்மா" என்று சொல்லும்போது பதில் சொல்ல வாய் வராது.


தவசுப்பிள்ளை மகன்:

குற்றாலத்துத் தம்பி சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. தொடர்ந்து காரம் பட்டால் அந்த நரம்பு மரத்துப்போகும், முன்னைப் போல் எரியாது. ஆனால் அமிலம் மேலே ஏறுவதற்கும், மாத்திரை அரித்த புண்ணுக்கும் பழக்கம் மருந்தில்லை. எரிச்சல் தெரியாமல் போய்விட்டால் புண் இருப்பதும் தெரியாமல் போய்விடும், அதுதான் பயம். நான் மூன்று வருடம் பழகிக்கொண்டே இருந்தவன். அந்தத் தப்பை வேறு யாரும் செய்யக் கூடாது.

பேட்டைத் தம்பி, சகோதரி சொன்னபடி இந்த வாரமே போங்கள். போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள், மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.


பேட்டை மருமகன் (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். அந்த வாரமே காட்டினேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பக்கம் இரண்டு சிறிய புண்கள். கிருமிக்கான சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரைதான் காரணம் என்றார் டாக்டர். வலி மாத்திரையை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்க 8 வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இடுப்புக்குப் பிசியோதெரபி போகிறேன். பைக் சீட்டையும் மாற்றினேன்.

கட்டிலுக்குச் செங்கல் வைத்தாயிற்று. காம்பவுண்டுச் சுவர் கட்டியதில் மிச்சம் கிடந்ததை மாமனாரே கழுவிக் காயவைத்து எடுத்து வந்தார். இரவுச் சாப்பாடு எங்கே இருந்தாலும் 8 மணிக்குள். பரோட்டா வாரம் ஒரு நாள், எண்ணெயை ஒதுக்கச் சொல்லித்தான் சால்னா. இந்த மாதம் ராத்திரியில் எழுந்தது இரண்டே தடவை. இரண்டும் கல்யாண வீட்டில் நேரம் கழித்துச் சாப்பிட்ட நாட்கள்.

புளிமிளகாய் மாத்திரைக் கெடு முடிந்த பிறகுதான் என்று மனைவி சொல்லிவிட்டாள். மாமியார் மட்டும் இப்போதே வெள்ளைத் தண்டை வழித்துப் பழகுகிறார். போன ஞாயிறு வீட்டில் சொதி வைத்தார்கள். மிளகாய் இரண்டுதான் போட்டார்கள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லை.


தவசுப்பிள்ளை மகன்:

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. இஞ்சித் துவையல் அரைத்தார்களா?


பேட்டை மருமகன்:

அரைத்தார்கள் அண்ணாச்சி. நீங்கள் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டியிருந்தேன். துவையல் தயாரான பிறகுதான் இலை போட்டார்.